காலைச் சளி ஏன் கேட்கிறார்கள்?



இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீங்காத ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால், மூடியிட்ட சிறு குப்பி ஒன்றைக் கொடுத்து, "காலையில் எழுந்தவுடன் சளி எடுத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவர். அதைப் பெற்றுக்கொள்ளும்போதே பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. நாலு பேர் பார்க்க இதை எடுத்துச் செல்வதா என்னும் கூச்சம் ஒருபுறம். வீட்டில் மணவயதில் பெண் இருக்கையில் செய்தி வெளியே தெரிந்தால் என்னாகுமோ என்னும் அச்சம் மறுபுறம். முடிவில், வாயில் ஊறிய எச்சிலைக் குப்பியில் உமிழ்ந்து கொடுத்துவிட்டு வந்துவிடுகின்றனர். "கிருமி இல்லை" என்று சீட்டு வருகிறது, வீட்டார் மகிழ்கின்றனர். நெஞ்சிலிருக்கும் கிருமியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எச்சிலில் அது ஏன் தெரிவதில்லை? காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை, ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் அறிவித்தார். அக்கிருமிக்கு மெழுகு போன்றதோர் உறை உண்டு. சாயம் எளிதில் ஏறாது. ஆகவே சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பூசி உலர்த்தி, செஞ்சாயம் ஊற்றிச் சூடேற்றுவர். பின்னர் அமிலத்தால் கழுவுவர். மற்றவை யாவும் சாயத்தை இழந்துவிட, இக்கிருமி மட்டும் ஏறிய சாயத்தை விடாது பற்றிக்கொள்ளும். (நம் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர் இப்படியொரு நூல் கிடைத்தால் மகிழ்வார்.) அடுத்து நீலச்சாயம் இட்டு, நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவந்த சிறு குச்சிகள் தென்படும்.

ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கெட்டிச் சளியில் அத்தனை இருக்கக்கூடும், எச்சிலில் இராது. இரவெல்லாம் நெஞ்சில் சேர்ந்தது விடியலில் வெளிவருவதால்தான் காலைச் சளி கேட்கின்றனர். வாயை வெறும் நீரால் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்தல் வேண்டும். அறைக்குள் அன்று, காற்றோட்டமான வெளியில், பிறர் அருகில் இல்லாதபோது. சிறு தேக்கரண்டி அளவு போதும். மூடியை இறுக்கி, தாமதியாது சேர்ப்பித்துவிடுங்கள்.

தகட்டுக்குத் தப்பும் கிருமியையும் காட்டிக்கொடுப்பது வளர்ப்புமுறை. கோழிமுட்டை கலந்து உறையச்செய்த பச்சைநிற உணவில் சளியை இட்டு, உடற்சூட்டிலேயே வைப்பர். குடலில் வாழும் சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதனால்தான் "இல்லை" என்று உறுதி கூற 8 வாரம் காத்திருக்கின்றனர். அது ஆய்வுக்கூடத்தாரின் சோம்பலன்று.

இன்னுமொரு சிக்கல் உண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவினக் கிருமிகள் சில, தகட்டில் பார்த்தால் காசநோய்க் கிருமியைப் போலவே சிவந்து தோன்றும். அவை பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நோய் தந்தாலும் அதற்குரிய மருந்து வேறு. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று கண்டபோது, இவ்வுறவினக் கிருமிகள் அங்கு மிகுந்திருந்ததும் ஒரு காரணமாகலாம் என அறிஞர் பலர் கருதினர். (பச்சிளங் குழந்தைகளுக்கு அவ்வூசி இன்றும் தேவை, மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயினின்று அது காக்கிறது.) 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மரபணுச் சோதனைக் கருவி, இது காசநோய்க் கிருமிதானா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்னும் இரண்டையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.

நோய் என்று தெரிந்தால் வீட்டைவிட்டு விலக்கிவிடுவார்களே என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளரில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் இல்லத்திலும் வைத்து மருந்தளித்தது. அவர்கள் சளியைத் தொடர்ந்து வளர்த்துப் பார்த்து, 1959இல் முடிவை வெளியிட்டது. எளிய குடிசையில் இருந்தவரும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகவும் பரவவில்லை. சளிக்குப்பிகள் தந்த சான்றினாலேயே, நோயாளரை வீட்டில் வைத்து மருந்தளிக்கும் முறை உலகெங்கும் பரவிற்று.

மருந்து தொடங்கி இரண்டு மாதமானதும் மீண்டும் குப்பி வரும். "இருமலே நின்றுவிட்டதே, சளிக்கு எங்கே போவேன்?" என்று பலர் முணுமுணுப்பர். அப்போது அந்தப் புதுக்கருவியை நம்புவதற்கில்லை. இறந்த கிருமியின் எச்சத்தையும் அது கிருமியென்றே சொல்லிவிடும். உயிரோடிருப்பது எது என்று அறிய, முட்டையுணவில் இட்டு இன்னும் பொறுமையாய்க் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.