கல்லிற் கண்ட கல்வி

கல்வி என்றதும் ஏடும் எழுத்தும் நினைவுக்கு வருதல் இயல்பே. தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட யாம் எழுத்தின் பெருமையைக் குறைத்துரைக்கப் புகுந்திலேம். ஆயினும், எழுத்தில்லாதார்க்கு அறிவும் இல்லை என்னும் எண்ணம் கற்றோரிடையே வேரூன்றி நிற்பதையும், அதனின்று பொய்யொன்று கிளைத்துப் பரவுவதையும் கண்டு வாளாவிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. தென்னமெரிக்காவின் தொன்னகராகிய திவனாக்கு அப்பொய்க்கு இலக்காகியுள்ளது.

பொலிவியா நாட்டில், தித்திக்காக்கா ஏரிக்கு அண்மையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,850 மீற்றர் மேலே, அந்தீசு மலைகளிடையே அமைந்தது அந்நகர். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. அதன்கண் பூமாபுங்கு எனப்படும் வழிபாட்டு மேடையொன்று உளது. பூமா என்னும் காட்டுவிலங்கின் வாயில் என்பது அப்பெயரின் பொருள். மேடையின் பணி கி.பி. 6-ஆம் நூற்றாண்டளவில் தொடங்கியதெனக் காபன் காலக் கணிப்பு உணர்த்துகின்றது. ஆங்குள்ள கற்களுட் பெரியது, 7.81 மீற்றர் நீளமும் 5.17 மீற்றர் அகலமும் உடைய செம்மணற் பாறை. அதன் நிறை ஏறத்தாழ 130 தொன்.

எனினும், காண்போரைப் பெரிதும் வியப்பிலாழ்த்துவன அந்திசைற்று என்னும் கடிய எரிமலைக் கல்லிற் செதுக்கிய துண்டுகளே. நேரிய விளிம்பும், கூரிய மூலையும், மாடத்தினுள் மாடமாகக் குடைந்த பள்ளமும் அவற்றில் உள. அடுத்தடுத்த கற்களைப் பிணைத்தற்பொருட்டு, இரண்டிலும் குழி வெட்டி உருக்கிய உலோகத்தை ஊற்றினர். செம்போடு ஆசனிக்கும் நிக்கலும் கலந்த உலோகம் அது.

இத்துணையும் செய்தோர் எழுத்து முறை எதனையும் விட்டுச் சென்றிலர். அதனாலன்றோ, 'மனிதரால் இஃது இயலாது. விண்ணிலிருந்து வந்தோரே செய்தனர்' என்பார் தோன்றினர்? 1968-இல் எறிக் வொன் டெனிக்கன் எழுதிய நூல் இத்தகைய கதைகளை உலகெங்கும் பரப்பிற்று. இன்று அவை கைத்தொலைபேசித் திரையேறி மாணவரையும் எட்டியுள்ளன. ஏதென்சு நகரத்துப் பார்த்தினன் கோயிலை விண்ணோர் கட்டினர் என்று கூறுவார் அரியர். கிரேக்கர்க்கு நூலுண்டு, ஆதலின் அறிவுண்டு என நம்புகின்றோம். அந்தீசு மக்களுக்கோ, அவர்தம் அறிவையே வேற்றுலகிலிருந்து இரவலாக வாங்கிக் கொடுக்கின்றோம். இது நீதியாகுமா?

கற்களே இதற்கு மறுமொழி கூறுகின்றன. செம்மணற் பாறை ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலையில் வெட்டப்பட்டது. அதனை எவ்வாறு கொணர்ந்தனர் என்பதில் அறிஞர் வேறுபடலாம். கொணர்ந்தோர் மனிதர் என்பதில் வேறுபாடில்லை. ஜான் பியர் புரொட்சன், ஸ்டெல்லா நாயர் என்னும் ஆய்வாளர் இருவர் துண்டு துண்டாக அளந்து, ஒரே அளவுகள் மீளமீள வருவதைக் கண்டனர்; கற்கருவிகளைக் கொண்டு செதுக்கியும் பார்த்தனர். 2018-இல் அலெக்சி விரானிச் என்பார், சிதறிக் கிடந்த துண்டுகளின் சிறு மாதிரிகளை அச்சிட்டு, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டடத்தின் அமைப்பை ஆராய்ந்தார். அளவு வகுத்துக்கொண்டு, அதன்வழிப் பலர் கூடி உழைத்த ஒழுங்கையே இவை காட்டுகின்றன. அந்நகரிலேயே, ஒரே கல்லிற் குடைந்த சூரிய வாயிலின் ஓரங்களிலுள்ள உருவங்கள் முற்றச் செதுக்கப்படாமல் நிற்கின்றன. உளி நின்ற இடம் அது. வேலையை இடைநடுவே விட்ட கையொன்று அங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அளவை, ஒழுங்கு, பொறுமை, தலைமுறை தலைமுறையாகக் கையினின்று கைக்கு மாறிய பயிற்சி: இவையும் கல்வியே. ஏட்டில் எழுதாது கல்லில் எழுதிய கல்வி. அதனை மறுப்போர் இறந்துபட்ட கற்றச்சரை மட்டும் இழிவுபடுத்துகின்றாரல்லர்; அந்நிலத்தில் இன்றும் வாழும் ஐமாறா மக்களின் முதுசொத்தையும் பறிக்கின்றனர்.

இவ்விழிவு தொலைநாட்டோடு நிற்பதுமன்று. அடிக்கல்லில் நாட்டினார் பெயரைப் பொறிக்கும் நாம், கட்டினார் பெயரைப் பொறிப்பதில்லை. சோதனையிற் பின்தங்கிய பிள்ளையின் கை மரத்திலும் கல்லிலும் காட்டும் நுட்பத்தை அறிவென ஏற்கத் தயங்குகின்றோம். இம்மனப்பாங்கு உள்ளவரை, விண்ணோர் கதைக்குச் செவிகொடுப்போரும் குறையார்.

மாணவர்காள்! பெருங்கட்டடமொன்றைக் காணுங்கால், 'இஃது எத்துணை அதிசயம்!' என்பதோடு நில்லாதீர். 'இதனைச் செய்தது யார் கை? அக்கை எங்ஙனம் பயின்றது?' எனக் கேளுங்கள். பழைய மாணவர்களே! விழாக் காணும் நம் கல்லூரியில் ஏட்டுக் கல்விக்கு வழங்கும் பரிசுகளோடு, கைவினைக்கும் ஒரு பரிசு நிறுவுங்கள். எழுத்தைப் போற்றுவோம், எழுதாத அறிவையும் போற்றுவோம். அவ்விரண்டையும் போற்றுவதே நிறைந்த கல்வி என்பது எம் துணிபு.