பயணத்தின் ஒழுக்கம் மூட்டை கட்டும்போதே தொடங்குகிறது



முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் லால்பேட்டையிலும் வாடகை வேன்கள் தெருமுனையில் வந்து நிற்கத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ ஒரு வாரப் பயணம் புறப்படுவார்கள். உறவைப் பேணவும் அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்திக்கவும் உதவும் பயணம் நல்லதே. ஆனால் அந்த வேனில் நாம் எதை ஏற்றுகிறோம், எப்படி ஏற்றுகிறோம் என்பதும் மார்க்கம் சார்ந்த விஷயம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேலைநாடுகளில் சமையலறையும் படுக்கையும் கொண்ட மோட்டார் ஹோம் என்னும் வீட்டு வண்டியில், பின்னால் ஒரு காரையும் இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பயணம் செய்வோர் உண்டு. அவ்வண்டிகளில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது எழுதப்பட்டிருக்கும். இழுத்துச் செல்லும் காரில் வைக்கும் பொருளும் கணக்கில் சேரும். கவனமுள்ளவர்கள் புறப்படுமுன் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பார்கள். நம்மிடம் அத்தகைய வண்டி இல்லை. ஆனால் நாமும் ஒரு வீட்டையே வேனில் ஏற்றுகிறோம், எடை பார்ப்பது மட்டும் இல்லை. “வைக்க இடம் இருக்கிறதா?” என்று கேட்கிறோமே தவிர, “வண்டி தாங்குமா? இது தேவையா?” என்று கேட்பதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 15 பேர், ஆளுக்கு 15 கிலோ பை என்றால் 225 கிலோ. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்று 60 கிலோ. வீட்டுச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ அளவு. அடுப்பு, தேக்சா, அரிசி, மளிகை 60 கிலோ. பாயும் தலையணையும் போர்வையும் 40 கிலோ. மொத்தம் 415 கிலோ. அதாவது ஆறு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். இதில் பெரும்பகுதி வண்டியின் கூரைமேல் போகிறது. கூரைமேல் பாரம் ஏற ஏற, வளைவுகளில் வண்டி சாயும் அபாயம் கூடுகிறது. மொத்த எடை கூடினால் மலையிறக்கத்தில் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாய்பேசாத இந்தப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு எச்சரித்தார்கள் என அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. வேனுக்கு உயிர் இல்லை, வலியும் இல்லை. ஆனால் அதற்குள் இருப்போருக்கும் எதிரே வருவோருக்கும் உயிர் இருக்கிறது. அந்த உயிர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

சிலிண்டர் வேண்டாம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள்: பயண வண்டியில் எரிவாயு சிலிண்டரை ஏற்றாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பற்றியது. உத்தரப்பிரதேசத்திலிருந்து புனித யாத்திரையாக வந்தவர்களில் 9 பேர் உயிரிழந்தனர். விதிகளை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட சிலிண்டரே காரணம் எனத் தெற்கு ரயில்வே தெரிவித்தது. அவர்களும் நம்மைப் போல் குடும்பத்தோடு வந்தவர்களே. வெளியூரில் நம் கைப்பட்ட உணவே நல்லது என்று நம்மைப் போலவே எண்ணியிருப்பார்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வண்டியின் தரையோடு படிந்து நிற்கும். மூடிய வேனில் ஒரு பொறி போதும். கூரைமேல் சிலிண்டரைப் படுக்கவைத்துக் கட்டுவதும் தவறே. படுத்த நிலையில் திரவமே வால்வு வழியாக வெளியேறக்கூடும்.

“ஹலாலான உணவுக்கு என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செலவைப் பற்றிய கவலையும் நியாயமானதே. 15 பேர் மூன்று வேளையும் உணவகத்தில் சாப்பிடுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் சுமை. ஆனால் அதற்கு வழி சிலிண்டர் அல்ல. முதல் நாளுக்குப் புளிச்சோறும் இட்லி பொடியும் கட்டிக்கொள்ளலாம். பேரீச்சம்பழமும் வறுத்த கடலையும் வழித்துணைக்குப் போதும். சமையலறையுடன் கூடிய தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யலாம். மேற்சொன்ன மூன்று மலையூர்களிலும் பள்ளிவாசல்கள் உண்டு. அந்தந்த ஜமாஅத்தாரிடம் தொலைபேசியில் விசாரித்தால் நம்பகமான உணவகத்தைச் சொல்வார்கள்.

இதில் பெண்கள் படும் பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். வேனில் அடுப்பு ஏறினால் பெண்களின் விடுமுறை இறங்கிவிடுகிறது. ஆண்களும் பிள்ளைகளும் ஏரியைப் பார்க்க, உம்மாமார்களும் ராத்தாமார்களும் வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்கிறார்கள். வீட்டில் செய்யும் அதே வேலையைக் குளிரில் செய்வதற்கு ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டாரின் வேலைகளில் பங்கெடுத்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. மூட்டை கட்டுவதும் சமைப்பதும் பெண்களுக்கு மட்டும் உரியவை என்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

எதை எடுத்துக்கொள்வது?

ஆயத்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. யமன் நாட்டவர் சிலர் வழியுணவு இல்லாமல், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் மக்களிடம் கையேந்தினார்கள். அதையொட்டியே, வழியுணவைத் தேடிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த வசனமே, வழியுணவில் சிறந்தது இறையச்சம் என்றும் உணர்த்துகிறது. தேவையானதை எடுப்பது தவக்குலுக்கு முரணன்று. ஒன்றும் எடுக்காமல் போவது பொறுப்பின்மை. எல்லாவற்றையும் எடுத்துப் போவது அச்சத்தின் விளைவு.

எனவே முதலில் இவற்றை எடுத்து வையுங்கள்: முதியவர்களின் மருந்து, மருத்துவச் சீட்டு, முதலுதவிப் பெட்டி, குழந்தைகளின் உணவு, முஸல்லா, பெண்களின் தொழுகைத் துப்பட்டி, உளூச் செய்ய ஒரு குவளை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதால் அதையும் முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

குவளையை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள். அது இன்றைய அளவில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. அந்தக் கணக்கில் 15 பேருக்கு ஒரு வேளை உளூவுக்கு 11 லிட்டர் போதும். சுன்னத்தைப் பேணினாலே கேன்களின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

மற்றவற்றை ஏற்றுமுன் பயணத் தலைவர் ஒருவரை நியமியுங்கள். மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிமொழி. ஆளுக்கு ஒரு பை, இத்தனை கிலோ என்று அவர் சொன்னால் அனைவரும் கட்டுப்பட வேண்டும். கனமான பொருள் கீழே, இலேசானது மேலே. அவசர வழியையும் நடைபாதையையும் பைகளால் அடைக்கக் கூடாது. ஓட்டுநரின் காலடியில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்கூட இருக்கக் கூடாது. அது உருண்டு பிரேக் மிதியின் அடியில் சிக்கினால் போதும், விபத்துதான்.

ஓட்டுநரும் நம் பயணக் கூட்டத்தில் ஒருவர். பயணம் என்பது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கும் வேதனையின் ஒரு பகுதி என்று நபியவர்கள் கூறினார்கள். அறை வாடகையை மிச்சப்படுத்த இரவெல்லாம் ஓட்டச் சொல்லிவிட்டு நாம் உறங்குவது அநீதி. அவர் உறங்க ஓர் இடமும் நேரமும் பயணத் திட்டத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக, வேனில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விடுங்கள். ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள், கூடுதல் வாகனம் உள்ளவர் அது இல்லாதவருக்கும், கூடுதல் உணவு உள்ளவர் அது இல்லாதவருக்கும் கொடுக்கட்டும் என்று ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். தேவைக்கு மிஞ்சிய எதிலும் எங்களுக்கு உரிமையில்லை என்று கருதும் அளவுக்குச் சொன்னார்கள் என அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. நான்கு மூட்டையைக் குறைத்தால் ஓர் இருக்கை கிடைக்கும். உங்கள் தெருவில் மலையையே பார்த்திராத ஒரு விதவைத் தாயோ அனாதைப் பிள்ளையோ இருக்கக்கூடும். அந்த இருக்கை அவருக்கு உரியதாகட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, நம் குடும்பங்களைப் பாதுகாப்பாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.