நூலகக் கதவு மாலையிலும் திறக்கட்டும்!

'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?' என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது என மேடைதோறும் பேசக் கேட்கிறோம். உண்மைதான். இன்று பெண்கள் படிக்காத படிப்பில்லை. ஆனால், 'பெண்பிள்ளைக்குக் கைபேசி எதற்கு?' என்ற கேள்வி இன்னும் பல வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய கேள்விதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறதோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் சிறுமியர். பாடங்கள் கைபேசி வழியாக வரத் தொடங்கின. கிராமத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரே ஒரு கைபேசி. பகலில் அப்பா அதை வேலைக்கு எடுத்துச் செல்வார். மாலையில் அது அண்ணன் கைக்குப் போகும். பெரிய வகுப்புப் படிக்கிறவனுக்குத்தான் முதலில் என்பது அவர்கள் வீட்டுத் தீர்ப்பு. இவள் முறை வருவதற்குள் சார்ஜும் தீர்ந்திருக்கும், டேட்டாவும் தீர்ந்திருக்கும். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இது அவள் ஒருத்தியின் கதையன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். ஆண்களோ 49 பேர். 'டிஜிட்டல் இடைவெளி' என்று பெரியோர் கூறுவது நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் மட்டும் இல்லை. ஒரே கூரையின் கீழ், அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவிலும் இருக்கிறது.

இன்று தேர்வு முடிவு, கல்வி உதவித்தொகை, வருமானச் சான்றிதழ் எல்லாம் இணையத்தில்தான். பொறியியல் கலந்தாய்வும் 2018ஆம் ஆண்டிலிருந்து இணைய வழியாகவே நடைபெறுகிறது. கணினியைத் தொட்டறியாத மாணவி, மதிப்பெண் இருந்தும், ஒரு விண்ணப்பத்தை நிரப்பப் பேருந்தேறி நகரத்துக்குக் கடை தேடிப் போக வேண்டியிருக்கிறது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். கணினியைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்த கல்வியும் அப்படித்தான்.

இதற்கு வழி என்ன? வழி நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் ஊர் நூலகம்!

1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றவர்கள் நம் முன்னோர். சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.அரங்கநாதன் அவர்களின் பெருமுயற்சியால் 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. மக்கள் செலுத்தும் வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே, நூலகம் யாரோ தரும் தருமம் அன்று, நம்முடைய உடைமை.

அன்று வண்டியில் நூல் வந்தது போல இன்று கம்பி வழியாக இணையம் வரட்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதும் அரங்கநாதன் அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்றல்லவா? இரண்டு கணினிகளும் இணைய இணைப்பும் இருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள அரிய நூல்களையெல்லாம் காசின்றிப் படிக்கலாம். சின்னஞ்சிறு ஊர்க்கும் பெரிய நூலகம் கிடைத்துவிடும்.

'எல்லார் கையிலும்தான் கைபேசி இருக்கிறதே, நூலகம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். கைபேசி வீட்டில் இருப்பது வேறு. மகள் கையில் இருப்பது வேறு. 'இணையம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும்' என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. அந்த அச்சத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால், போர்வைக்குள் ஒளித்துப் பார்க்கும் சிறு திரையைவிட, நாலு பேர் நடமாடும் கூடத்தில், நூலகரின் கண்ணெதிரே இருக்கும் கணினி நல்லதல்லவா? சந்தேகம் வந்தால் கேட்கவும் அங்கே ஒருவர் இருப்பாரே!

கணினி வாங்கி வைத்தால் மட்டும் போதாது. எங்கள் தோழியின் ஊரிலும் நூலகம் இருக்கிறது. அவள் பள்ளி விட்டுப் பேருந்தில் போய் இறங்கும்போது அங்கே பூட்டுத்தான் தொங்குகிறது. பள்ளி நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் நூலகம் மாணவிக்கு எப்படிப் பயன்படும்? மாலை ஏழு மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும். வாசலில் விளக்கு எரிய வேண்டும். மகளிருக்கென ஒரு கழிப்பறை வேண்டும். கற்றுக்கொடுக்கத் தெரிந்த நூலகர் ஒருவர் வேண்டும். இவை இல்லாவிடில், பையன்கள் மட்டுமே அமரும் இன்னோர் இடமாக அதுவும் ஆகிவிடும்.

அன்புப் பெற்றோரே! கிராம சபை கூடும்போது சாலையும் குடிநீரும் கேட்கும் நீங்கள், நூலகத்துக்கு மாலை நேரத்தையும் கேளுங்கள். பிறகு, 'போய்ப் படித்துவிட்டு வா' என்று மகளை அனுப்பியும் வையுங்கள்.

அருமைத் தோழியரே! நமக்கும் கடமை உண்டு. நம் பள்ளிக் கணினி அறையில் கற்றதை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா? கோடை விடுமுறையில் அவரவர் ஊர் நூலகத்துக்குச் சென்று, ஒரு தங்கைக்கேனும் விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுப்போம். ஒருத்தி கற்றால் அவள் தெருவே கற்கும்.

இரவு வரை தன் முறைக்காகக் காத்திருந்தாளே நம் தோழி, அவளைப்போல் இனி எவரும் காத்திருக்க வேண்டாம். நூலகக் கதவு மாலையிலும் திறக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி