யாருடைய ஹிட்?

'பாப் டிலன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற ஒரே இசைத்தட்டை வைத்துக்கொண்டு டிலனின் கவித்துவத்துக்குத் தீர்ப்பெழுதும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2016 நோபல் பரிசுக்குப் பிறகு அவர்கள் குரல் இன்னும் உயர்ந்திருக்கிறது. சண்டை அவர்களோடுதான்.

1967 மார்ச்சில் கொலம்பியா கம்பெனி போட்ட தட்டு அது. முந்திய ஜூலையில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் டிலன் வுட்ஸ்டாக்கில் ஒதுங்கியிருந்தார். புதுத்தட்டு இல்லை, கடைக்குச் சரக்கு வேண்டும். பத்துப் பாட்டைப் பொறுக்கி, உள்ளே மில்டன் கிளேஸரின் போஸ்டர் ஒன்றையும் மடித்து வைத்தார்கள். (போஸ்டர் நல்ல போஸ்டர்தான்.)

ஹிட் என்றால் யாருடைய ஹிட்? 'ப்ளோயிங் இன் த விண்ட்' 1963ல் ஊரெல்லாம் பரவியது பீட்டர், பால் அண்ட் மேரி பாடி. 'மிஸ்டர் டாம்பரின் மேன்' 1965ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது பேர்ட்ஸ் குழுவின் குரலில். 'இட் எய்ன்ட் மீ பேப்' அதே வருஷம் டர்ட்டில்ஸுக்குப் பணம் கொடுத்தது. பிறர் வாயில் விலைபோனதுதான் இங்கே தேர்வுக்கு அளவுகோல்.

வரிசை இன்னும் மோசம். 1966ன் பித்தளை வாத்தியக் கூச்சலில் ஆரம்பித்து, அடுத்ததாக 1963ன் தனிக் கிதார். இடையில் நடந்தது என்ன? 1965 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் டிலன் எலெக்ட்ரிக் கிதாரோடு ஏறினார், கூட்டத்தில் ஒரு பகுதி கூவி எதிர்த்தது. தன்னைக் கொண்டாடியவர்களையே பகைத்துக்கொண்டு ஒரு சிருஷ்டிகர்த்தா திரும்பிய இடம் அது. தட்டில் அதன் சுவடே இல்லை. எல்லாம் இனிய பாடல்கள், ஒரே மனிதர், ஒரே சிரமமற்ற ஓட்டம்.

'ஹைவே 61 ரீவிசிட்டட்' தட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டு. 11 நிமிஷத்துக்கு மேல் ஓடும் 'டெஸலேஷன் ரோ' இல்லை. 'ஹார்ட் ரெயின்' 1971ன் இரண்டாம் தொகுப்புவரை காத்திருந்தது. அதுவரை தனித்தட்டாக மட்டும் கிடைத்த 'பாஸிட்டிவ்லி ஃபோர்த் ஸ்ட்ரீட்' இதில் சேர்ந்ததற்கு வேண்டுமானால் நன்றி சொல்லலாம்.

பாங்கில் லெட்ஜர் எழுதுகிறவனுக்குத் தெரியும், கடைசி இருப்பைப் பார்த்து ஒரு கணக்கின் நடமாட்டத்தைச் சொல்ல முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டியாக வேண்டும். 1965, 66ல் வந்த மூன்று ஆல்பங்களையும், சுமாரான பாட்டுகளைக்கூடத் தாண்டாமல், வந்த வரிசையில் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் 'டெஸலேஷன் ரோ' வெறும் வளவளப்பு என்று நீங்கள் சொன்னாலும் உட்கார்ந்து கேட்கத் தயார்.