ஹேர் டை பாக்கெட்டில் ஒரு 24 மணி நேர விதி இருக்கிறது. டெல்டா சலூன்களில் அதை யார் படிக்கிறார்கள்?

தை அறுவடை முடிந்து கையில் காசு வந்ததும் டெல்டாவில் கல்யாண சீசன் களைகட்டும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் ஒரத்தநாடோ திருவையாறோ, எந்த சலூனுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். "அண்ணே, டை அடிச்சு விடுங்க. காலையில முகூர்த்தம்." கடைக்காரர் பாக்கெட்டைக் கிழித்து, கலக்கி, பூசிவிடுகிறார். அதில் எழுதியிருப்பதை இருவருமே படிப்பதில்லை.

பல கறுப்பு டைகளில் நிறம் தருவது பாரா-ஃபினைலீன்டயமின், சுருக்கமாக பி.பி.டி. 'கறுப்பு மெஹந்தி' பொடிகள் பலவற்றிலும் இது உண்டு. வெறும் மருதாணி இலை செம்மைதான் தரும், கறுப்பு தராது.

தோலுக்குள் எவ்வளவு போகும்?

இதை அளக்க ஓ.இ.சி.டி. அமைப்பு 2004-ல் 428-ம் எண் வழிகாட்டுதலை வெளியிட்டது. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மனிதத் தோலை 'ஃபிரான்ஸ் செல்' என்ற சிறு கண்ணாடிக் குடுவையின் நடுவே திரை போலப் பொருத்துவார்கள். மேலே சாயம், கீழே திரவம். ஹேர் டை என்றால் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் சாயத்தைக் கழுவிவிட்டு, 24 மணி நேரம் வரை கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார்கள். பாதிப்பே தராத அளவு, உடலுக்குள் போகும் அளவைப் போல 100 மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் வழக்கமான கணக்கு. அழகுப் பொருட்களை விலங்குகள் மீது சோதிக்க இந்தியா 2014-ல் தடை விதித்தது. அதனால் இந்த வகைச் சோதனைகள் நமக்கு ரொம்பவே முக்கியம்.

ஆய்வகமும் சலூனும் ஒன்றல்ல

சோதனையில் தோலின் வெப்பம் 32 டிகிரி. கீறல் இல்லாத தோல் அது. சித்திரை வெயிலில் வயலில் நின்றவரின் தலையில் வியர்வை, வேர்க்குரு, சொறிந்த புண் எல்லாம் இருக்கும். சூடும் ஈரமும் கூடினால், தோல் கிழிந்திருந்தால், ரசாயனம் உள்ளே போவதும் பொதுவாகக் கூடும். வாடிக்கையாளருக்கு டை மாதம் ஒரு முறைதான். கையுறை இல்லாமல் பூசும் சலூன்காரருக்கோ தினமும்.

இன்னொன்று, உள்ளே போகும் அளவு குறைவு என்பதாலேயே அலர்ஜி வராது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி பி.பி.டி. போதும், முகமும் கண்ணிமையும் வீங்கிவிடும். பத்து வருஷமாக ஒன்றும் ஆகாதவருக்கும் திடீரென வரலாம்.

விதி இருக்கிறது, எழுத்துதான் தெரியவில்லை

பி.பி.டி. உள்ள டைகளில் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது இந்திய விதி. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் பூசி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும். இமைக்கும் புருவத்துக்கும் பூசவே கூடாது, பார்வை போகலாம். இவ்வளவையும் சின்ன பாக்கெட்டில் எறும்பு எழுத்தில் அச்சிட்டால் யார் படிப்பார்கள்?

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று பழியை வாடிக்கையாளர் தலையில் போடுவது நியாயமில்லை. எச்சரிக்கை பெரிய தமிழ் எழுத்தில் வரட்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் ஒரு ஜோடி கையுறை இருக்கட்டும். சலூன் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டட்டும்.

அதுவரை, அப்பாவுக்கு டை வாங்கித் தருபவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வாங்கிக் கொடுங்கள். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க நேரம் இருக்கும்.