ஆய்வேடு நூலன்று

சென்ற வாரம் ஆரியசாலையிலுள்ள என் அறைக்கு இளம் ஆய்வாளர் ஒருவர் வந்தார். பென்டிரைவ் ஒன்றை மேசைமேல் வைத்து, “புத்தகம் தயார் சார், அணிந்துரை மட்டும் வேணும். அடுத்த மாசம் நேர்காணல் இருக்கு” என்றார். திறந்து பார்த்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் முகப்புப் பக்கமும் நெறியாளர் சான்றிதழும் நீக்கப்பட்டிருந்தன. ஆய்வின் நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை என்று தொடங்கும் முதல் இயல் அப்படியே இருந்தது. ஒவ்வோர் இயலின் முடிவிலும், அதற்கு முந்தைய பக்கங்களில் சொன்னதையே மீண்டும் சொல்லும் தொகுப்புரையும் இருந்தது.

அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் இதையே செய்தவன். தென்திருவிதாங்கூர் வில்லுப்பாட்டு குறித்த என் ஆய்வேட்டை ஆறு ஆண்டுகளுக்கு முன் பணம் கட்டி அச்சிட்டேன். வேர்டு கோப்பிலிருந்து பேஜ்மேக்கருக்கு மாற்றியபோது அடிக்குறிப்புகள் உதிர்ந்தன. அவற்றை மீண்டும் தட்டச்சு செய்தவர் ஓர் எண்ணைத் தவறவிட, அதற்குப் பின் வந்த குறிப்புகள் எல்லாம் ஓரிடம் நகர்ந்தன. நான் மெய்ப்புப் பார்க்கவில்லை, நேர்காணல் நெருங்கியிருந்தது. நூலைக் கொடுக்கப் போனபோது, எனக்குப் பத்து நாள் பாடிக் காட்டிய மூதாட்டி பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “இது நான் படிச்ச பாட்டு இல்லியே, மக்களே” என்றார். அவர் பாட்டு வேறொருவர் பெயரில் இருந்தது. அச்சகத்தார் மீது பழிபோட அன்று முயன்றேன். அந்தப் பழி என்னுடையது.

இந்த அவசரத்தை வளர்ப்பது மதிப்பெண் முறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், தேசியப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10 புள்ளி, பன்னாட்டுப் பதிப்பகம் வெளியிட்டதற்கு 12 புள்ளி என்கின்றன. நூலில் பெயரடைவு உண்டா, மேற்கோள்கள் மூலத்தோடு ஒப்பிடப்பட்டனவா என்பனவற்றுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. ஆகவே ஐ.எஸ்.பி.என். எண்ணையே தகுதிச் சான்றாகக் கருதிவிட்டோம். அது நூலை அடையாளம் காட்டும் எண், அவ்வளவே. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றி வழங்குகிறது. கட்டணமில்லாத எண்ணைக் காட்டிப் பணம் கேட்பவர்களிடம் நாம் வரிசையில் நிற்கிறோம்.

“ஆய்வு வெளிவந்தால் போதாதா?” என்று கேட்கலாம். ஆய்வேடு ஏற்கெனவே சோத்கங்காவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே அட்டை போட்டு விற்க வேண்டிய தேவை என்ன? ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்படுவது. தனக்குத் தெரியும் என்று நிறுவுவது அதன் வேலை. நூல் வாசகருக்காக எழுதப்படுவது. அவருக்குத் தெரியாததைச் சொல்வது அதன் வேலை. “திருத்துவது பதிப்பாளர் பொறுப்பு” என்பது அடுத்த வாதம். பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்களில் முழுநேரப் பதிப்பாசிரியர் இல்லை. கையெழுத்துப்படியில் நாம் விட்ட பிழை அப்படியே அச்சேறும்.

இந்நகரத்துக்கு வேறொரு மரபு உண்டு. இங்கே வழக்கறிஞராக இருந்த வையாபுரிப் பிள்ளை, சுந்தரம் பிள்ளையின் மனோன்மணியத்தை 1922இல் பதிப்பித்தார். பதிப்பு அவருக்குப் பதவி உயர்வுக்கான படியன்று. நீதிமன்ற வேலைக்கிடையே செய்தார். பின்னர்த் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகி, பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கே தலைவராக வந்தார். உ.வே.சா. சிந்தாமணியை அறிந்தது 1880இல், அச்சிட்டது 1887இல். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்க அத்தனை ஆண்டுகள் ஆயின. கணினியும் தேடுபொறியும் உள்ள நமக்கு ஆறு மாதம்கூட இல்லை என்கிறோம்.

நான் கேட்பது பெரிதன்று. முதல் இயலை நீக்கி, சொல்ல வந்ததை முதல் பத்துப் பக்கத்தில் சொல்லுங்கள். ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலைத் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். எழுத்துரு மாற்றியபின் ‘ஔ’ ‘ஒள’ ஆகியிருக்கிறதா, அடிக்குறிப்புகள் எல்லாம் வந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். பெயரடைவை நீங்களே செய்யுங்கள். ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பது அப்போதுதான் தெரியும். களத்தகவல் தந்தவர்களிடம் அவர்கள் பகுதியை அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள். நேர்காணல் குழுவில் அமரும் பேராசிரியர்களே, அட்டையைப் பார்க்குமுன் நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள்.

அணிந்துரை எழுத மறுத்துவிட்டேன். அந்த இளைஞர் வேறொருவரிடம் வாங்கிக்கொள்வார், நூல் குறித்த நாளில் வந்துவிடும் என்பதும் தெரியும். என் நூலின் திருத்திய பதிப்புக்கான படி இப்போது மேசைமேல் இருக்கிறது. அடிக்குறிப்புகளை எல்லாம் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு முடித்துவிட்டேன். அந்த மூதாட்டி அதைக் கேட்க இன்று உயிரோடு இல்லை.