பஞ்சாயத்து பேச பர்மிட் கட்டணமா?

நேரா மேட்டருக்கு வந்துடறேன். 2023ல மத்தியஸ்தச் சட்டம் நிறைவேறிச்சு. கோர்ட்டுக்கு அலையாம, நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து பேசி முடிக்கிறதுக்கு சட்ட அந்தஸ்து. 120 நாளுக்குள்ள முடிக்கணும், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா இன்னும் 60 நாள். நல்ல விஷயம்தானுங்க.

இந்த வேலையைச் செய்யற அமைப்புகளை அங்கீகரிச்சு தரம் பிரிக்க ‘இந்திய மத்தியஸ்த கவுன்சில்’னு ஒண்ணை அந்தச் சட்டம் சொல்லுது. கவுன்சிலோட நிதிக்கு வர்ற வழிகள்ல கட்டணமும் உண்டு. எனக்கு உறுத்தறது இங்கதான்.

டி.பி. ரோட்ல ஒருத்தர் கிரைண்டர் வாங்கறார்னு வைங்க. மூணாவது வாரம் மோட்டார் புகையுது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டறார், கம்பெனி கடையைக் கை காட்டுது. 2019 நுகர்வோர் சட்டத்துலயே ஆணையத்தோட சேர்ந்த மத்தியஸ்தப் பிரிவு இருக்கு, ஆனா அதுக்கு முதல்ல வழக்கு போடணும். ஒரு ஆறாயிரம் ரூபாய் சாமானுக்கு எத்தனை நாள் லீவு போடறது? இந்த மாதிரி சில்லறை தகராறுக்குத்தான் ஊர்ல இருக்கற சின்ன அமைப்பு வேணும். ரிட்டயர்டு வாத்தியார், ஒரு வக்கீல், ரெண்டு ரூம், ஒரு போன். அவ்வளவுதான் அதோட முதலீடு.

இப்ப எல்லாருக்கும் ஒரே கட்டணம், ஐம்பதாயிரம்னு வைங்க (சும்மா கணக்குக்குத்தான்). வருஷம் 10,000 கேஸ் பாக்கற பெரிய நிறுவனத்துக்கு கேஸுக்கு ₹5. நூறு கேஸ் பாக்கற நம்ம வாத்தியாருக்கு ₹500. அதை கிரைண்டர்காரர்கிட்ட கேக்க முடியுமா? முடியாது. அப்ப கடையை மூடணும், இல்லைன்னா மொத்தமா கேஸ் அனுப்பற கம்பெனிகளை நம்பி நிக்கணும். படி அளக்கறவனுக்கு எதிரா எத்தனை நாளைக்கு நியாயம் பேச முடியும்?

இது நம்ம ஊர் தலைவலி மட்டும் இல்லீங்க. இங்கிலாந்துல 2015ல இருந்து இந்த அமைப்புகளுக்கு அங்கீகார முறை உண்டு. 2024ல வந்த சட்டம், சில விலக்கு தவிர, அங்கீகாரத்தைக் கட்டாயம் ஆக்கவும் கட்டணம் வாங்கவும் வழி வெச்சிருக்கு. சின்ன அமைப்பு தாங்குமாங்கற கேள்வி அங்கயும் வரத்தான் செய்யும்.

“கட்டணமே இல்லைன்னா கண்டவனும் போர்டு மாட்டிடுவான்”னு சொல்வீங்க. சரிதான். ஆனா போலியைத் தடுக்கறது சோதனைதானே, பில் இல்லையே? ஆடிட்டர் வர்ற வாரம் மட்டும் டாகுமெண்ட் எழுதற வித்தை ஐடி ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும் :-) திடீர்னு வந்து நாலு கேஸ் ஃபைலைப் பிரிச்சுப் பாக்கட்டும். தப்பு இருந்தா அங்கீகாரத்தைப் பிடுங்கட்டும்.

கட்டணத்துக்கு மாடல் வெளிய தேடவே வேண்டாம். 2020 நுகர்வோர் ஆணைய விதியில, கொடுத்த விலை ₹5 லட்சம் வரைக்கும் இருந்தா புகார் கட்டணம் கிடையாது, ₹10 லட்சம் வரை ₹200, அப்புறம் படிப்படியா ஏறுது. உணவுக் கடைகளுக்கு 2011ல விதி போட்டப்பவும், வருஷ விற்பனை ₹12 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவுக் கட்டணம் ₹100, மத்திய லைசென்ஸ்னா ₹7,500னு பிரிச்சுத்தான் வெச்சாங்க. தள்ளுவண்டி இட்லிக்கடைக்கு ஒரு ரேட், ஃபேக்டரிக்கு ஒரு ரேட்.

மத்தியஸ்தத்துக்கும் அதையே செய்யலாம். வருஷத்துக்கு 200 கேஸுக்குக் கீழன்னா பேருக்கு ஒரு நூறு ரூபாய், அதுக்கு மேல கேஸ் எண்ணிக்கையைப் பொறுத்து. அதையும் முன்பணமா வாங்காம, வருஷம் முடிஞ்சு கணக்குக் கொடுக்கும்போது வாங்கட்டும்.